இந்தக் கையால அடி

கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன பதினோராம் நாள் அடி வாங்கினேன். அடித்தது என் வீட்டுக்காரர் இல்லை, அவருடைய அக்கா.

கிணற்றில் வாளி எதிலோ மாட்டிக்கொண்டது. கைப்பிடிச் சுவர் பாதி சரிந்து கிடந்த கிணறு. என்னவென்று பார்க்க எட்டிக் குனிந்தேன். பின்னாலிருந்து யாரோ ஜடையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்புவதற்குள் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. எதற்கு அடித்தாள் என்று சொல்லவில்லை. மாட்டிய வாளியை அவளே எடுத்து, குடத்தை நிரப்பி, என் இடுப்பில் ஏற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மறுநாள் விடிந்து பார்த்தால் சுவர் சரிந்த இடத்தில் பனஞ்சட்டத்தை அடித்து, முள்ளை வெட்டிக் கட்டியிருந்தது. அதையும் அவள் சொல்லவில்லை.

அவளை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மற்ற எல்லோருக்கும் பெரியக்கா. கும்மிடிப்பூண்டியிலிருந்து இரண்டு மைல் தள்ளி எங்கள் ஊர். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இருந்த ரைஸ் மில்லில் அவளுக்கு நெல் அவிக்கும் வேலை. அவித்த நெல்லைச் சூட்டோடு களத்தில் கொட்டி, நீளக் காம்பு போட்ட கட்டையால் வெயிலில் தள்ளித் தள்ளி அவள் தோள் இரண்டும் உருண்டு திரண்டிருக்கும். உள்ளங்கை பலகை மாதிரி. அந்தக் கையால் அடி வாங்காதவர்கள் எங்கள் தெருவில் குறைவு.

மில்லுக்கு மூட்டை ஏற்ற வந்த ஓர் ஆள், களத்தில் வேலை செய்த பெண் ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்தான். அண்ணி நெல் தள்ளும் கட்டையைத் திருப்பிப் பிடித்து ஓங்கிப் போட்டாள். அவன் தோள்பட்டை எலும்பு முறிந்தது. யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் தானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். ஏன் அடித்தாய் என்று கேட்டதற்கு, எலும்பு முறியும் என்று தெரியாது, தெரிந்திருந்தாலும் அடித்திருப்பேன் என்றாளாம். சாயங்காலம் வரை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அவர்களே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவளைச் சூளூர்ப்பேட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போய்விட்டதால் ஆறு வயதுத் தம்பியையும் கூடவே அழைத்துப் போயிருந்தாள். புருஷன் குடித்துவிட்டு வந்து அவளை அடிப்பான். நான்கு வருஷம் வாங்கிக்கொண்டாள். ஒருநாள் அவன் கை தம்பி மேல் விழுந்தது. அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக ஓர் ஆளைத் திருப்பி அடித்தது. அடித்த கையோடு தம்பியை இழுத்துக்கொண்டு ரயில் பாதை ஓரமாகவே நடந்து ஊருக்கு வந்துவிட்டாள். அந்தத் தம்பிதான் என் வீட்டுக்காரர்.

இதையெல்லாம் அவர்தான் எனக்குச் சொன்னார். சொல்லும்போது சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஊத்துக்கோட்டைக்காரி. எங்கள் வீட்டில் நைனா, என் அப்பா, குரலை உயர்த்திக்கூடப் பேச மாட்டார். அண்ணி மில்லிலிருந்து திரும்பும் நேரம் வந்தால் நான் அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரருக்கு ஓர் இரும்புக் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம் முடிகிற சமயம், காலையில் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். வாந்தி எடுத்தால் கொஞ்சம் தேவலை என்பார். உலைச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். பிறகு ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. வாசற்படி இருக்கும் இடம் தெரியாமல் இடறினார். ஒரு நாள் சோறு போட்ட என்னை உற்றுப் பார்த்து, ரெண்டு பேர் ஏன் நிற்கிறீங்க என்று கேட்டார். நான் அப்போது இரண்டு மாசம்.

பெரியவர் என்று வீட்டில் இருந்தது சின்ன மாமனார் மட்டும். மாமனாருடைய தம்பி. இது காத்துக் கருப்புதான் என்று முடிவு செய்து, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்தார். அண்ணி முதலில் தடுக்கவில்லை. அவளுக்கும் பயம். முதல் நாள் வேப்பிலை, இரண்டாம் நாள் மிளகாய்ப் புகை. மூன்றாம் நாள் அவள் வேலைக்குப் போன பிறகு பிரம்பு. முற்றத்துத் தூணில் அவரைக் கட்டிவைத்து அந்த ஆள் முதுகில் விளாசினான். நான் குறுக்கே போனதற்கு எனக்கும் தோளில் ஒன்று விழுந்தது. நடுவில் அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகி, வாய் ஒரு பக்கம் இழுத்து, கட்டிய கயிற்றோடு உடம்பு துள்ளியது. வெளியே போகிறது, நிறுத்தக்கூடாது என்று மந்திரவாதி இன்னும் வேகமாக அடித்தான்.

பக்கத்து வீட்டுப் பெண் ஓடிப்போய் மில்லில் சொல்லியிருக்கிறாள். அண்ணி வந்த வேகத்தில் படல் பிய்ந்து விழுந்தது. பிரம்பைப் பிடுங்கினாள். அதற்குப் பிறகு நடந்தது அடி என்கிற கணக்கில் வராது. அவன் முகம், கை, கால் என்று பார்க்காமல் இறக்கினாள். பிரம்பு பிளந்ததும் அதை எறிந்துவிட்டுக் கையால் அடித்தாள். தெருக்கோடி வரை அடித்துக்கொண்டே போனாள். பஸ் நிற்கும் இடத்தில் அவன் கும்பிட்டு விழுந்த பிறகுதான் விட்டாள். திரும்பி வந்தபோது விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. சின்ன மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையிலிருந்த கைத்தடியை வாங்கி முழங்காலில் வைத்து இரண்டாக முறித்து அவர் முன்னால் போட்டாள். பிறகு தம்பியின் கட்டை அவிழ்த்து முதுகில் ஏற்றிக்கொண்டாள். பாசஞ்சர் வண்டி பிடித்து மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவர் அவள் தோளில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருவர். மூளையில் கட்டி என்றார். பழுத்து உடைகிற கட்டியா என்று அண்ணி கேட்டாள். இல்லை, இது புற்றுநோய்க் கட்டி, மண்டையைத் திறந்துதான் எடுக்க வேண்டும், எடுத்தாலும் வேர் எல்லாம் வந்துவிடும் என்று சொல்ல முடியாது என்றார். அண்ணியின் கை மேலே போனதை நான் பார்த்தேன். டாக்டரும் பார்த்தார். அவர் நகரவில்லை. அந்தக் கை காதுவரை போய், அங்கேயே நின்று, தலையைச் சொறிந்துவிட்டுக் கீழே வந்தது. எப்போ தொறப்பீங்க என்று கேட்டாள்.

ஆபரேஷன் முடிந்து, கரண்ட் வைக்கிற வைத்தியமும் முடிந்து நாங்கள் திரும்ப இரண்டரை மாசமானது. கிளம்புகிற அன்றைக்கு டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் அழைத்து, அவருடைய இடது பக்கத் தலையைக் காட்டினார். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு எலும்பு இல்லை. மூளை வீங்கியிருந்ததால் அந்தத் துண்டைத் திரும்ப வைக்கவில்லையாம். தோலுக்கு அடியில் குழந்தை உச்சி மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. “இங்க ஒரு அடி பட்டாலும் ஆள் இல்லைன்னு வச்சுக்குங்க,” என்றார்.

அண்ணி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதற்கு முன் அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடப்பாரையை எடுத்துத் தலைவாசல் நிலையின் மேல்கட்டையைப் பெயர்த்தாள். எங்கள் வீட்டு வாசல் குள்ளம். எல்லோரும் குனிந்துதான் நுழைய வேண்டும். அவர் குனிய மறந்துவிடுவார் என்று அவளுக்குப் பயம். மண்சுவர் பொலபொலவென்று அவள் தலையில் கொட்டியது. கூரை ஒரு பக்கம் தொங்கியது. அவள் நிறுத்தவில்லை. அன்றைக்கு மத்தியானம் என் வீட்டுக்காரர் நிமிர்ந்தபடியே வீட்டுக்குள் போனார்.

போனது அவர்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. காலையாவது இழுத்து இழுத்து வைப்பார். கை துணி மாதிரி தொங்கியது. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது. சனியனே. தண்ணீர் வேண்டுமென்றால் சனியனே. வெளியே போக வேண்டுமென்றால் சனியனே. என் வயிற்றைக் காட்டி, கண்ணில் நீர் வைத்துக்கொண்டு ஏதோ கேட்பார். அதுவும் சனியனே என்றுதான் வரும். நினைத்தது ஒன்று, வந்தது ஒன்று என்றதும் வெறி பிடித்துவிடும். இடது கையில் எது அகப்பட்டாலும் பறக்கும். சட்டி, சொம்பு, அரிக்கேன் விளக்கு எல்லாம். என் முன்கையைக் கடித்திருக்கிறார். அண்ணியின் மூக்கில் குத்தி ரத்தம் வழிந்திருக்கிறது. அவர் குணமே இது இல்லை, நோய் செய்கிறது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். சட்டி தலைக்கு நேராக வரும்போது அதெல்லாம் ஞாபகத்தில் நிற்காது.

அவரைத் திருப்பி அடிக்க முடியாது. பிடித்துத் தள்ளக்கூட முடியாது. விழுந்தால் தலை. ஊரையே அடித்தவள் அந்த வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு வளைய வந்தாள்.

செத்த கையை அசைக்க வைத்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எண்ணெய் தேய்த்தோம், நீவி விட்டோம். அவர் அந்தக் கை தனக்கு இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. இடது கையால் எங்களை அடிப்பதிலேயே நாள் போனது. ஒரு காலையில் அண்ணி தன்னுடைய பழைய புடவையைக் கிழித்து அந்த இடது கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினாள். பிறகு அவர் முகத்துக்கு எதிரே, கை எட்டுகிற தூரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

“என்ன அடிக்கணுமா? அடி. ஆனா இந்தக் கையால அடி,” என்று தொங்கிக்கொண்டிருந்த வலது கையைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் கத்தினார். துப்பினார். கட்டில் நகர்கிற அளவுக்கு முறுக்கினார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவருக்குக் கோபம் ஏறுகிற மாதிரி ஏதாவது சொல்லுவாள். சின்ன வயசில் பாம்புக்குப் பயந்து டவுசரை நனைத்ததைச் சொல்லுவாள். பொட்டை என்பாள். நான் போய்க் கட்டை அவிழ்க்கப் பார்த்தேன். கண்ணாலேயே என்னைத் தள்ளி நிறுத்தினாள். தெருவில் எல்லோரும் பேசினார்கள். நோயாளியைக் கட்டிப்போட்டு வதைக்கிறாள், அவளுக்கு அடிக்காமல் இருக்க முடியவில்லை, அதனால் இப்படிச் செய்கிறாள் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. தினமும் காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் இது நடந்தது. சமையலறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எத்தனையாவது நாள் என்று ஞாபகமில்லை. சத்தம் நின்றிருந்தது. எட்டிப் பார்த்தேன். அவருடைய வலது தோள் மேலே ஏறி நடுங்கிக்கொண்டிருந்தது. முழங்கை மடங்கியது. கை ஊசலாடி வந்து அவள் கன்னத்தில் பட்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

“இன்னாடா இது, ஈ ஓட்றியா?” என்றாள் அண்ணி. குரல் உடைந்திருந்தது.

அந்தச் சந்தோஷம் எனக்கு நிலைக்கவில்லை. ஏழாம் மாசம் நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். மில் ஓடாத நாள், அண்ணி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். ரசம் சுட்டுவிட்டதோ என்னவோ, நல்ல காலால் என் அடிவயிற்றில் உதைத்தார். சுவரில் போய் விழுந்தேன். தொடையில் ஈரம் இறங்கியது. கையில் தொட்டுப் பார்த்தால் ரத்தம்.

அண்ணி உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். அந்த ரத்தத்தைப் பார்த்தாள். கை ஓங்கியது. அவர் தலைக்கு நேர் மேலே, தோல் துடிக்கிற அந்த இடத்துக்கு நேர் மேலே நின்றது. இரண்டு மூச்சு விடும் நேரம் இருக்கும். அடித்துவிடு என்று நான் நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை மறைக்க நான் விரும்பவில்லை. அடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவள் அந்தக் கையைத் தன் வாய்க்குக் கொண்டுபோய், மணிக்கட்டுக்கு மேலே பல் பதியக் கடித்துக்கொண்டாள். ரத்தம் வந்த பிறகுதான் விட்டாள்.

நர்சம்மா வந்து பார்த்து, குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறது, அசையாமல் படுக்க வேண்டும் என்றாள். ஒரு வாரம் கழித்து அண்ணி என்னை ஊத்துக்கோட்டைக்கு அழைத்துப் போனாள். பஸ்ஸில் வழி நெடுக அவள் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். குண்டு குழியில் பஸ் தூக்கிப்போடும்போதெல்லாம் என் இடுப்புக்கு அடியில் தன் கையை வைத்துத் தாங்கினாள். ஊர் நெருங்கியபோது பேசினாள்.

“நீ திரும்பி வரணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல. நான் வந்து கூப்புட மாட்டேன். ஆள் அனுப்ப மாட்டேன். வரலன்னா ஒன்ன ஒரு வார்த்த தப்பா சொல்ல மாட்டேன். நானும் ஒரு ஊட்ட உட்டு வந்தவதான்.”

நைனாவிடம் என்னை ஒப்படைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள்.

பெண் பிறந்தாள். சொன்னபடியே அண்ணி வரவில்லை, ஆளும் அனுப்பவில்லை. வளைகாப்பும் இல்லை, பேர் வைக்க ஆளும் இல்லை என்று அம்மா அழுதாள். நைனா தீர்மானமாக இருந்தார். அங்கே போய் அடிபட்டுச் சாக வேண்டாம், உனக்கும் குழந்தைக்கும் நான் இருக்கிறேன் என்றார். மூன்று மாசம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி வந்து கூப்பிட்டிருந்தால், அழுதிருந்தால், கட்டாயம் நான் போயிருக்க மாட்டேன். வரக் கட்டாயமில்லை என்று சொன்னவள் அங்கே தனியாக என்ன செய்கிறாள் என்ற நினைப்புத்தான் ஒருநாள் காலையில் என்னைக் குழந்தையோடு பஸ் ஏற்றியது.

வீடு பூட்டியிருந்தது. மில்லுக்குப் போனேன். களத்து ஓரத்தில் வேப்பமர நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டைச் சும்மாடு மாதிரி கனமாகச் சுற்றியிருந்தது. வலது கையால் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வெகுநேரம் வாயைக் கூட்டி, “வந்துட்டியா,” என்றார். சனியனே இல்லை.

அண்ணி களத்தில் நெல் தள்ளிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அவளோடு நெல் அவிக்கும் ஒரு பெண் என் கையைப் பிடித்து, அந்தப் பக்கமாகப் போய்க் கூப்பிடு, இந்தக் காது கேட்காது என்றாள். அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

நான் போன பிறகு அவரை வீட்டில் விட்டு வர வழியில்லாமல் அண்ணி தினமும் மாட்டுவண்டியில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். காலையில் நடந்த அந்த அடிதடியை மத்தியானச் சோற்று வேளையில் எல்லோர் கண் முன்னாலும் நடத்தியிருக்கிறாள். இடது கையை வேப்பமரத்தோடு கட்டிவிட்டு எதிரே உட்காருவாளாம். ஒருநாள் அவர் வலது கை வந்த வேகத்தை அவளே எதிர்பார்க்கவில்லை. காதோடு சேர்த்து விழுந்த அறையில் உருண்டு போனாள். காதிலிருந்து கழுத்து வழியாக ரத்தம் இறங்கியது. எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். அவள் எழுந்து, களத்தைச் சுற்றி நடந்து, “அடிச்சான் பாருங்க, வலக்கையாலயே அடிச்சான்,” என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம். சொன்ன பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தோம் என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அவரைக் கட்டவில்லை. கை வந்துவிட்டது, இனி அடக்கம் வர வேண்டும் என்று கோழிக்குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து அந்தக் கையில் வைத்திருக்கிறாள். முதல் குஞ்சு நசுங்கிச் செத்தது. இரண்டாவதும் செத்தது. அதை அண்ணியே என்னிடம் சொன்னாள். மறைக்க நினைக்கவில்லை. மூணாவது பொழச்சிகிச்சு என்றாள்.

குழந்தையைப் பார்த்ததும் அவர் கையை நீட்டினார். நான் பின்னால் போனேன். அண்ணி எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். “இப்ப குடுக்காத. இன்னும் ரெண்டு மாசம் போவட்டும்,” என்றாள். இரண்டு மாசம் முடிந்த அன்றைக்கு, அவளே குழந்தையை அவர் கையில் வைத்தாள். தன்னுடைய இரண்டு கையையும் அடியில் விரித்துப் பிடித்தபடி, கால் மரத்துப்போகும் வரை குந்தியிருந்தாள்.

அவர் அதற்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தார். டாக்டர் சொன்னது இரண்டு வருஷம். கம்பெனி வேலை இல்லை என்றாகிவிட்டது. மில்லிலேயே சாக்குத் தைத்தார். அந்த ஏழு வருஷத்தில் என்னை ஒரு தடவைகூட அடிக்கவில்லை. கட்டி திரும்பி வந்தபோது கோபமாக வரவில்லை, தூக்கமாக வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கிப் போய்விட்டார். அண்ணி அன்றைக்கு மார்பில் அடித்துக்கொண்டு அழவில்லை. தெருப் பெண்கள் அதைப் பெரிய குறையாகச் சொன்னார்கள். இப்போது அண்ணியும் இல்லை.

ஆனால் அவளை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அவர் தேறிக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு காலையில் நடந்தது. குழந்தைக்கு அப்போது ஒரு வயது நிறையவில்லை.

அவருக்குப் பேச்சு திரும்பியிருந்ததே தவிர, ஆபரேஷனுக்கு அப்புறம் வெறி பிடித்து எங்களை அடித்தது எதுவும் நினைவில் இல்லை. கூப்பிட்டால் அக்கா திரும்பாததை அப்போதுதான் கவனித்திருக்கிறார். முந்தின சாயங்காலம் அவளிடமே கேட்டார். “அக்கா, ஒன் காதுக்கு இன்னா ஆச்சு?”

போலீஸ் ஸ்டேஷனில்கூட உள்ளதைச் சொன்னவள் அவள். என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். மில்லில் பெல்ட் அறுந்து காதில் அடித்துவிட்டது என்றாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு, அவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார். காலை இழுத்து இழுத்து இரண்டு மைலும் நடந்தார். அதற்கு முன் தெருமுனை வரைகூட அவர் தனியாகப் போனதில்லை. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். நேராக மில்லின் இன்ஜின் ரூம் வாசலில் போய் நின்றார்.

“எங்க அக்கா காதுல பெல்ட்டு அடிச்சப்ப, மிஷினப் பாத்துகினு இருந்தது யாரு?”

ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துத்தான் கேட்டார். அரிசி பிடிக்க நின்றவர்கள், மூட்டை தைத்தவர்கள், எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அங்கே இருந்த ஒவ்வொருத்தருக்கும் தெரியும். அண்ணி களத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நெல் தள்ளிக்கொண்டிருந்தாள். கேட்காத காது எங்கள் பக்கம் இருந்தது. மற்றவர்கள் வேலையை நிறுத்தியதைப் பார்த்துத்தான் திரும்பினாள். தம்பி நிற்பதைப் பார்த்ததும் கட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

அவள் வருவதற்குள் இன்ஜினை ஓட்டுகிற மில் டிரைவர் வெளியே வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள். பேசவே மாட்டார். எங்களுக்கு உறவும் இல்லை, தெருவும் இல்லை.

“நான்தாம்பா. பெல்ட்டு நைஞ்சிருந்தது. நான்தான் கவனிக்காம உட்டுட்டேன். தப்புதான்,” என்றார்.

என் வீட்டுக்காரர் வலது கையை ஓங்கி அவர் கன்னத்தில் அறைந்தார். முழுக் கை. சத்தம் தகரக் கூரையில் போய்த் திரும்பி வந்தது. டிரைவர் வாயிலிருந்த பீடி தெறித்தது. ஒரு கையைக் கதவில் ஊன்றிக்கொண்டு நின்றாரே ஒழிய வேறு எதுவும் செய்யவில்லை.

அண்ணி வந்து சேர்ந்தாள். “கேட்டுட்டேன்க்கா,” என்றார் இவர். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அவள் அவரைத் தோளைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். “போதும்டா தம்பி. எனக்காக அடிச்சது இதோட போதும். இனிமே ஆரையும் வேணாம்,” என்று கையைத் தடவிக் கொடுத்தாள். சரி என்று தலையை ஆட்டினார்.

பிறகு அவள் டிரைவரிடம் போனாள். அருகில் நான் இருந்ததால் என் காதில் விழுந்தது. கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, அத எனக்குத் திருப்பிக் குடுத்துடு.”

டிரைவர் கழிவுத்துணியை எடுத்துக் கையில் இருந்த எண்ணெயைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “போம்மா, நெல்லு காயுது. போய்த் தள்ளு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் அந்த வாசலிலேயே நின்றாள். இன்ஜின் மறுபடி ஓடத் தொடங்கியது. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார்கள். அப்புறம் அவள் மெல்ல நடந்து களத்துக்குப் போய்க் கட்டையை எடுத்தாள். ஒரே இடத்து நெல்லைத் தள்ளினாள், இழுத்தாள், மறுபடி அதையே தள்ளினாள். முதுகு குலுங்கியது.

தூங்கிவிட்ட குழந்தையை மரத்தடியில் அவர் மடியில் கிடத்தினேன். அவர் வலது கையை அதன் மேல் வைத்துக்கொண்டார். நான் களத்துக்குள் இறங்கினேன். நெல் காலைச் சுட்டது. அவளுக்குக் கேட்கிற பக்கமாகப் போய் நின்று, கட்டையின் காம்பில் என் கையையும் வைத்தேன். வேலை நேரத்தில் யாராவது குறுக்கே வந்தால் அவளுக்குப் பிடிக்காது. அடித்துவிடுவாள் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன்.

அவள் முகத்தைத் திருப்பவில்லை. காம்பில் தன் கையைக் கொஞ்சம் கீழே நகர்த்தி, எனக்கு இடம் விட்டாள்.